கன்று போட்ட மாடு படுத்துவிட்டால்



நம் தர்மபுரிப் பக்கம் பெரியவர்களைக் கேட்டால், "எங்க காலத்துல மாடு காட்டிலேயே கன்னு போட்டுட்டு, சாயந்திரம் கன்னோட வந்து நிக்கும்" என்பார்கள். உண்மைதான். அது ஆலம்பாடி மாடு. ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக்கரை ஊரின் பெயரைக் கொண்ட அந்த இனம் ஏருக்கும் வண்டிக்கும் பேர்போனது. பால் கன்றுக்குச் சரியாக இருக்கும், அவ்வளவுதான். நாட்டில் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது 1970-ல். அதை ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்சி கலப்பு மாடுகள் நம் கொட்டகைகளில் பெருகின. பாலும் பெருகியது. கூடவே, நம் தாத்தாமார் அதிகம் பார்த்திராத பால் காய்ச்சலும் வந்தது.

மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட நல்ல கறவை. நேற்றுக் கன்று போட்டது. இன்று எழ முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் திருப்பிப் படுத்துக் கிடக்கும். காதைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். பெயர்தான் காய்ச்சல், உடம்பில் சூடே இருக்காது! கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுகிறோம்.

சிரிக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் கை பிசைந்துகொண்டுதான் நின்றார்கள். விழுந்த பத்து மாட்டில் ஆறேழு செத்தன. 1897-ல் டென்மார்க்கில் கோல்டிங் ஊர்க் கால்நடை மருத்துவர் ஷ்மிட், மடியில்தான் விஷம் உண்டாகிறது என்று எண்ணி, காம்பு வழியாக அயோடின் சேர்ந்த மருந்து நீரை ஏற்றினார். மாடுகள் எழுந்து நின்றன. சில ஆண்டுகளில், மருந்துகூட வேண்டாம், மடியில் வெறும் காற்றை அடைத்தாலே போதும் என்று கண்டார்கள்.

காற்று எப்படி விஷத்தை முறிக்கும்? 1925-ல் ஸ்காட்லாந்தில் டிரையர், கிரெய்க் என்ற இருவர் விடை சொன்னார்கள். விஷமே இல்லை. சீம்பால் சுரக்க மடி இழுக்கிற வேகத்தில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சடாரென்று இறங்கிவிடுகிறது. காற்றடைத்து மடி விறைத்தால் பால் சுரப்பது நிற்கும்; சுண்ணாம்புச் சத்து இரத்தத்திலேயே தங்கும். ஷ்மிட் சொன்ன காரணம் தப்பு, செய்த வைத்தியம் சரி. இப்படியும் நடக்கும், பாருங்க.

அதன் பிறகு கால்சியம் ஊசி வந்தது. சைக்கிள் பம்பை எடுத்துக்கொண்டு நீங்கள் மடிக்குப் போக வேண்டாம், மடிநோய்தான் மிஞ்சும். ஊசியையும் மருத்துவரே போடட்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுபோகும். அவர் வரும்வரை மாட்டை ஒருபக்கமாகச் சாய விடாமல், வைக்கோல் மூட்டையை அண்டைகொடுத்து நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள். கஞ்சி, கஷாயம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அந்த நிலையில் மாட்டுக்கு விழுங்க வராது, நுரையீரலுக்குள் போய்விடும்.

பெரும்பாலான மாடுகள் ஊசி போட்ட சில மணி நேரத்தில் ஏப்பம் விட்டு, சாணி போட்டு, எழுந்துவிடும். எழுந்ததே என்று அன்றைக்கே மடியை ஒட்டக் கறக்காதீர்கள். கன்றுக்கு வேண்டியதை மட்டும் கறந்து ஊட்டுங்கள். அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் கொடுக்கிற வழக்கத்தை இந்த ஒருமுறை விட்டுவிடலாம்.