ஓர் ஆசிரியர் பெயரில் ஒரு பாலம்



சென்ற வாரம் வகுப்பில் பாலங்களின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். கொல்கத்தாவின் வித்யாசாகர் சேது திரையில் வந்ததும், "வித்யாசாகர் அந்நாட்டுப் பிரதமரா, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான். "இல்லை, ஆசிரியர்" என்றேன். வகுப்பே சிரித்தது. அச்சிரிப்பு என்னை உறுத்தியதால் இதனை எழுதுகின்றேன்.

ஊக்ளி ஆற்றின் குறுக்கே 1943-இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தால், பெருகிவந்த போக்குவரத்தைத் தாங்க இயலவில்லை. இரண்டாம் பாலத்திற்கு 1972-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கட்டுமானம் தொடங்கியதோ 1979-இல். திறப்பு விழா கண்டது 1992 அக்டோபர் 10-ஆம் நாள். அடிக்கல் நாட்டிய அன்று பிறந்த குழந்தைக்கு அப்போது வயது இருபது!

பாலத்தின் நீளம் 823 மீட்டர். இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட 457 மீட்டரில் ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. கோபுரங்களிலிருந்து விசிறிபோல் இறங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட எஃகு வடங்களே தளத்தை நேரடியாகத் தாங்கிப் பிடிக்கின்றன. வடிவமைப்பு புதிது, இணைப்பு முறையோ பழையது. பற்றவைப்பதற்குப் பதிலாக, ஹவுரா பாலத்தைப் போலவே ரிவெட் ஆணி அறைந்து எஃகை இணைத்தனர்.

ஹவுரா பாலத்திற்குக் கவிஞர் தாகூரின் பெயர் 1965-இல் சூட்டப்பட்டிருந்தது. புதிய பாலம் ஈசுவர சந்திர வித்யாசாகருக்கு (1820–1891) உரியதாயிற்று. கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் அவர். 1856-ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டத்திற்காகப் போராடியதை வரலாற்று நூல்கள் பேசும். என் மனத்திற்கு நெருக்கமானது, அவர் 1855-இல் எழுதிய 'வர்ணபரிசயம்' என்னும் வங்காள அரிச்சுவடி. வழக்கில் இல்லாத எழுத்துகளை நீக்கி, நெடுங்கணக்கைக் குழந்தைகளுக்கு எளிதாக்கினார். கல்லூரி முதல்வர் ஒருவர் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்காக உட்கார்ந்து எழுதினார் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சிறுவனாகத் தந்தையுடன் கிராமத்திலிருந்து கல்கத்தாவுக்கு அவர் நடந்தே வந்தார். அன்று ஊக்ளியின் குறுக்கே பாலமே கிடையாது. வழிநெடுக இருந்த மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார். மகனைச் சோதிக்க விரும்பிய தந்தை, ஆறாம் கல்லைக் காட்டாமல் கடத்திவிட்டு, அடுத்த கல்லைக் காட்டிக் கேட்டார். "இதில் ஆறு என்றிருக்க வேண்டும், தவறாக ஐந்து என்று பொறித்துவிட்டார்கள்" என்றான் சிறுவன்.

மறுநாள் இக்கதையை அதே வகுப்பில் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவன், "அப்பா கூட்டிச் சென்றால் நானும் நடப்பேன், ஐயா" என்றான்.