இலவசம் என்றாலும் தயக்கம்!

2004-ல் ஒரு தர்மபுரி விவசாயியிடம் போய், 'சொட்டுநீர்க் குழாய், கரையும் உரம்... மொத்தச் செலவும் அரசாங்கத்துது' என்றால் துள்ளிக் குதித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! துல்லியப் பண்ணைத் திட்டத்தோடு போன கோவை வேளாண் பல்கலைக்கழகத்தாருக்கு முதலில் கிடைத்தது தயக்கம்தான். தொடர் வறட்சியில் நொந்துபோயிருந்த மனிதர்கள்! தவிர, வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய கண்ணுக்கு, சொட்டுச் சொட்டாக விழுவதெல்லாம் ஒரு பாசனமா?

விஷயமே மண்ணில்தான் இருந்தது. வருஷக்கணக்காக ஒரே ஆழத்தில் உழுதால், அடிமண் பாறை மாதிரி இறுகிவிடும். அதை உளிக்கலப்பையால் உடைத்தார்கள். தண்ணீரை வெள்ளமாகப் பாய்ச்சினால் உரமும் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். இங்கேயோ பயிருக்கு வேண்டிய அளவு மட்டும், தண்ணீரோடு கரைந்து, நேராக வேரடிக்கு!

மானியம் முதல் ஆண்டு 100 சதவிகிதம். அப்புறம் 90, அடுத்து 80. மானியம் குறைந்தால் ஆர்வமும் குறையணுமே? நடந்தது தலைகீழ்! தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் சேர்த்து மூன்றே ஆண்டில் 400 ஹெக்டேர். அதிகாரி பேச்சை நம்பாதவர்கள், வரப்பில் நின்று பக்கத்து வயல் விளைச்சலைப் பார்த்தார்கள்... நம்பினார்கள். பிறகு அவர்களே சங்கம் வைத்து, உரத்துக்குக் கூட்டாக பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்!