ஜொகூர் மந்திரி பெசார்: பதவியும் இரண்டாம் இடமும்

தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூரின் அரசாங்கத் தலைவர் மந்திரி பெசார். தமிழ்நாட்டு வாசகர் இவரை முதலமைச்சராகக் கொள்ளலாம். ஆனால் இவருக்கு மேலே இருப்பவர் ஆளுநர் அல்லர், பரம்பரை ஆட்சியாளரான சுல்தான். பினாங்கு போன்ற, பரம்பரை ஆட்சியாளர் இல்லாத மாநிலங்களில்தான் முதலமைச்சர் உண்டு. பினாங்கில் 2008 முதல் துணை முதலமைச்சர்கள் இருவர். அவர்களில் இரண்டாமவராகப் பேராசிரியர் பி. இராமசாமி 2023 வரை இருந்தார். ஜொகூரில் 2022இல் அமைந்த ஆட்சியில் துணை மந்திரி பெசார் என்று எவரும் பொறுப்பேற்கவில்லை. அங்கே இரண்டாம் இடத்தின் வேலைகள் பல கைகளில் பிரிந்து கிடப்பவை. அது இன்று நேற்று வந்த ஏற்பாடல்ல.

முதல் மந்திரி பெசார் ஜாஃபார் ஹாஜி முகமது. 1886இல் பதவியேற்று, 1919இல் இறக்கும்வரை 33 ஆண்டுகள் நீடித்தார். அவரை நியமித்த சுல்தான் அபு பக்கார், பிரிட்டிஷார் மலாய் மாநிலங்களை ஒவ்வொன்றாகத் தம் பிடிக்குள் கொண்டுவந்த காலத்தில், எழுத்தறிந்த அதிகாரிகளைக் கொண்டு நவீன நிர்வாகம் ஒன்றைக் கட்டி நிறுத்தினார். நன்றாக ஆளப்படும் நாட்டில் தலையிட வெள்ளையருக்குச் சாக்கு கிடைக்காது என்பது கணக்கு. 1895 ஏப்ரலில் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டமும் வந்தது. மலாய் மாநிலங்களில் அதுவே முதலாவது. இரண்டே மாதத்தில் அபு பக்கார் லண்டனில் காலமானார்.

ஜாஃபாருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் யார் என்று கேட்டால் ஒரே பெயரைச் சொல்ல முடியாது. அரசுச் செயலாளர் அப்துல் ரஹ்மான் அண்டாக் இங்கிலாந்தில் படித்தவர். சுல்தானுக்காகக் பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டு அலுவலகத்தோடு வாதாடியவர். அதனாலேயே பிரிட்டிஷாரின் கண்ணில் உறுத்தி, 1909இல் ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டார். இன்னொருவர் முகமது இப்ராகிம் முன்ஷி, ‘டத்தோ பெந்தாரா டாலாம்’ பட்டம் பெற்றவர். தமிழருக்கு இவர் அந்நியரல்லர். மலாய் இலக்கியத்தில் புகழ்பெற்ற முன்ஷி அப்துல்லாவின் மகன். நாகூரில் மணமுடித்த அரபியர் ஒருவரின் வழிவந்த குடும்பம். நம் கடற்கரையின் ரத்தம் ஜொகூர் அரசவைக்குள்ளும் ஓடியிருக்கிறது.

அண்டாக் போன மறு ஆண்டே, 1910இல், பிரிட்டிஷ் ஆலோசகர் வந்து சேர்ந்தார். 1914 ஒப்பந்தம் அவரைப் பொது ஆலோசகர் ஆக்கி, அவருடைய யோசனையைக் கட்டாயமாக்கியது. பெயரளவில்தான் ஆலோசகர்; மந்திரி பெசார் அவரைக் கேட்டே நடக்க வேண்டியிருந்தது. இக்காலத்தில் பதவி ஜாஃபாரின் வீட்டையே சுற்றி வந்தது. மகன்கள் அப்துல்லா 1923 முதல் 1928 வரையும், முஸ்தபா 1931 வரையும் வகித்தனர். ஜப்பானியர் ஆண்ட ஆண்டுகளையும் தாண்டி நின்றவர் உங்கு அப்துல் அசிஸ். அவருக்குப் பின் வந்தவர் ஓன் ஜாஃபார், பதவி வகித்த ஜாஃபார் மகன்களில் மூன்றாமவர். 1946 மே மாதம் ஜொகூர் பாருவில் பிறந்த மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் முதல் தலைவரும் இவரே. 1950இல் மந்திரி பெசார் பதவியை விட்டார்.

1955 முதல் 1959 வரை வான் இட்ரிஸ் இப்ராகிம் தற்காலிகப் பொறுப்பில் இருந்தார். 1959 தேர்தலுக்குப் பின் ஹசான் யூனுஸ் வந்தார்; லார்க்கின் விளையாட்டரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. அதன்பின் ஒவ்வொருவரும் நீண்ட காலம்: ஒஸ்மான் சாட் 15 ஆண்டுகள், முகைதீன் யாசின் 9, அப்துல் கனி ஒஸ்மான் 18. இடையில் அப்துல் அஜீப் அகமதுக்கு மட்டும் 4 ஆண்டுகளே கிடைத்தன. கனியின் காலத்தில், 2009இல், தலைமைச் செயலகம் கோத்தா இஸ்கண்டாருக்கு இடம்பெயர்ந்தது. 2013இல் அவர் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டு, கேலாங் பாத்தாவில் எதிர்க்கட்சியின் லிம் கிட் சியாங்கிடம் தோற்றார்.

மாநிலத்தில் துணைக்கு ஆள் வைக்காவிட்டாலும், நாட்டுக்குத் துணைப் பிரதமர்களைத் தந்ததில் ஜொகூருக்குக் குறையில்லை. டாக்டர் இஸ்மாயில், ஹுசேன் ஓன், மூசா ஹீத்தாம், முகைதீன் என நால்வர் இம்மண்ணின் மக்கள். ஹுசேனும் முகைதீனும் பிரதமர்களும் ஆயினர்.

2018இல் அம்னோ தலைமையிலான தேசிய முன்னணி முதல்முறையாக மாநிலத்தை இழந்தது. கனிக்குப் பின் வந்த காலித் நோர்டின் விலக, நான்கே ஆண்டுகளில் ஒஸ்மான் சாப்பியான், சஹ்ருதீன் ஜமால், ஹஸ்னி முகமது என மூவர் அடுத்தடுத்து அமர்ந்தனர். 2022 மார்ச் தேர்தலில் முன்னணி 56 இடங்களில் 40ஐ மீட்டது. பிரச்சார முகமாக இருந்தவர் ஹஸ்னி. பதவி ஏற்றவர் ஓன் ஹஃபிஸ் காசி, ஓன் ஜாஃபாரின் கொள்ளுப்பேரன்.

மந்திரி பெசார் மலாய்க்காரராகவும் முஸ்லிமாகவும் இருக்க வேண்டும் என்பது மாநில அரசமைப்பின் விதி. எனவே ஜொகூர் இந்தியர் எட்டக்கூடிய உயரம், மாநில அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழுவின் உறுப்பினர் பதவியே. 2018இல் பெக்கோக் தொகுதியின் எஸ். இராமகிருஷ்ணனுக்கும், 2022இல் தெங்காரோ தொகுதியின் கே. ரவின்குமாருக்கும் அந்த இடம் கிடைத்தது.