ஒரு பல் டாக்டரின் இடது கை

கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொண்ட அனுபவம் உண்டா உங்களுக்கு? நீங்கள் வாயைப் பிளந்தபடி படுத்திருக்க, டாக்டர் உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்து 'ம்ம்...' என்று புருவத்தைச் சுருக்குவார். வயிற்றைக் கலக்கும்! அவர் தேடுவது, பல்லின் வேருக்குள் ஓடும் ஒரு மெல்லிய குழாயை. அந்தக் குழாயைப் பார்க்கப் போய் ஒரு மனிதர் தன் கையையே பறிகொடுத்தார் என்றால் நம்புவீர்களா?

1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஜனவரியிலேயே ஓட்டோ வால்காஃப் என்ற ஜெர்மன் பல் டாக்டர், வாய்க்குள் கண்ணாடித் தகடு வைத்துப் பல்லைப் படம்பிடித்துவிட்டார். ஒரே ஒரு படத்துக்கு 25 நிமிடம் அசையாமல் கிடக்கவேண்டியிருந்தது!

செய்தி அமெரிக்காவுக்குப் பறந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் டாக்டர் 1896-லேயே களத்தில் இறங்கினார். வேர் எவ்வளவு நீளம்? அதுவரை விரல் நுனியின் உணர்வை நம்பி, குத்துமதிப்பாகத்தான் வேலை நடந்தது. 1899-ல் கெல்ஸ், வேர்க்குழாய்க்குள் ஈயக் கம்பியைச் செருகி எக்ஸ்ரே எடுத்தார். கம்பி எதுவரை போயிருக்கிறது என்று பளிச்சென்று தெரிந்தது!

ஆனால், அந்தக் கால ட்யூபில் கதிர் ஒரே சீராக வராது. சரிபார்க்க என்ன செய்வது? கெல்ஸ் தன் கையையே குறுக்கே நீட்டி, எலும்பு தெரிகிறதா என்று பார்ப்பார். வருடக்கணக்கில் இதே பழக்கம். பாஸ்டனில் வில்லியம் ரோலின்ஸ் என்ற இன்னொரு பல் டாக்டர், இந்தக் கதிர் ஆபத்தானது என்று 1901-லேயே எச்சரித்தார். பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கெல்ஸுக்குப் புற்றுநோய் வந்தது. முதலில் விரல்கள் போயின. பிறகு கை. ஆபரேஷனுக்கு மேல் ஆபரேஷன். வலி தாங்காமல் 1928-ல் தன் வாழ்க்கையைத் தானே முடித்துக்கொண்டார்.

இவ்வளவு விலை கொடுத்தும், கடைவாய்ப் பல் தன் ரகசியத்தை முழுசாகச் சொல்லவில்லை. எக்ஸ்ரே என்பது வெறும் நிழல்தானே? ஒருவர் பின்னால் ஒருவர் நின்றால் சுவரில் ஒரே நிழல்தான் விழும். அதேபோல, முன்னாலிருக்கும் குழாய் பின்னாலிருக்கும் குழாயை மறைத்துவிடும். ஸூரிக் நகரில் வால்டர் ஹெஸ் வேறு வழியில் போனார். பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி, கெட்டியாக்கி, பல்லை அமிலத்தில் கரைத்தார். மிஞ்சியது குழாய்களின் அச்சு! மரக்கிளை மாதிரி கவடு, வளைவு, குறுக்குச் சந்து... 1917-ல் அதை வெளியிட்டார். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று. ஆனால், பல பற்களில் குழாய் நான்கு! அந்த நாலாவதைச் சுத்தம் செய்யாமல் மூடினால், மறுபடி சீழ், மறுபடி வலி வரலாம்.

ஹெஸ் செத்த பல்லில் பார்த்ததை, உயிருள்ள பல்லில் பார்க்க 1990-களின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவான கூம்புக் கதிர் ஸ்கேன், தலையைச் சுற்றிவந்து படமெடுத்து, பல்லைத் துண்டு துண்டாகக் காட்டியது. ஒளிந்திருந்த நாலாவது குழாய் மாட்டிக்கொண்டது!

இதிலும் கதிர் உண்டு. அதனால்தான் விவரமான டாக்டர்கள், சாதாரண எக்ஸ்ரே போதாத இடத்தில் மட்டுமே இந்த ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள்.

அடுத்த முறை பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது கவனியுங்கள். பட்டனை அழுத்தும் முன், டாக்டர் உங்களை விட்டு விலகிப் போவார். அந்தத் தூரம், கெல்ஸின் இடது கை கற்றுக்கொடுத்த பாடம்!