ஆங்கிலக் குறிலும் ஓர்ம் என்னும் துறவியும்

ஆங்கில நெடுங்கணக்கில் உயிரெழுத்துக்கள் ஐந்தே. அம்மொழியில் வழங்கும் உயிரொலிகளோ அதனினும் மிகப் பல. தமிழில் குறிலுக்கு ஓர் எழுத்தும் நெடிலுக்கு ஓர் எழுத்தும் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இரண்டிற்கும் நின்று உழைக்க வேண்டியிருக்கிறது. 'டின்னர்' என்றால் உணவு. 'டைனர்' என்றால் உண்பவர். எழுத்தளவில் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு, முன்னதில் 'என்' என்னும் மெய் இரட்டித்து வருவதும் பின்னதில் ஒற்றையாய் நிற்பதுமே. மெய் இரட்டித்தால் அதற்கு முன்னுள்ள உயிர் குறில் என்று பள்ளிப் பிள்ளைகள் கற்கின்றனர். இக்கருத்தை ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நூல் முழுவதும் விடாப்பிடியாகக் கையாண்ட ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஓர்ம்.

ஓர்ம் அகஸ்டீன் சபையைச் சேர்ந்த துறவி. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்தவர். லிங்கன்ஷயரிலுள்ள போர்ன் மடமே அவரது இருப்பிடம் என்பது அறிஞர் பலர் கருத்து. பாம்பு என்று பொருள்படும் அவர் பெயர், அங்குக் குடியேறிய வடநாட்டினர் மொழிக்குரியது. தம் உடன்பிறந்தாரும் உடன்துறவியுமாகிய வால்ட்டர் வேண்டிக்கொண்டதற்கிணங்க, நற்செய்திப் பகுதிகளுக்கு விளக்கமாக ஒரு செய்யுள் நூல் இயற்றினார். அதற்குத் தம் பெயராலேயே 'ஓர்முலம்' என்று பெயரிட்டார். இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 19,000 அடிகள். அசைக் கணக்கு எங்கும் பிறழாத செய்யுள். அதனாலேயே படிப்போர்க்கு அலுப்பூட்டுவதும் ஆகும்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அரசவையில் பிரெஞ்சும் திருச்சபையில் இலத்தீனும் கோலோச்சின. ஆங்கிலத்தை எழுதுவதற்கு முன்பிருந்த நெறி குலைந்துபோயிற்று. எழுத்தறியாத மக்கள் முன் ஆங்கிலத்தில் உரக்கப் படிப்பவர் ஒலியைப் பிழைபடச் சொன்னால் கேட்போர்க்குப் பொருள் விளங்காது. இதற்கு ஓர்ம் கண்ட வழி எளிது. ஓர் அசை மெய்யில் முடிந்து அதன் உயிர் குறிலாயின், அம்மெய்யை இருமுறை எழுதினார். 'அண்ட்' போன்ற சிறு சொல்லும் இதற்கு விலக்கன்று. தம் நூலைப் படியெடுப்போர், தாம் இரட்டித்த இடங்களிலெல்லாம் தவறாது இரட்டிக்க வேண்டும் என்று முகப்பிலேயே கேட்டுக்கொண்டார்.

ஆனால் படியெடுக்கத்தான் எவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு சுவடி. ஓர்ம் தம் கைப்பட எழுதியது என்றே அறிஞர் கொள்வர். ஒழுங்கற்ற தோல் துண்டுகளில், அடித்தும் திருத்தியும் எழுதப்பட்ட அது, பிரான்சிஸ்கஸ் யூனியஸ் என்னும் அறிஞர் கைக்கு வந்து, அவர் வழியே ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தை அடைந்தது.

எழுத்துமுறை ஒருபுறம் சீர்ப்படாதிருக்க, ஒலிகளும் நிலையாக நிற்கவில்லை. 'நேம்' என்னும் சொல்லைக் காண்க. வடமொழி 'நாமம்' என்பதற்கு இது தொலைவு உறவு. பழைய ஆங்கிலத்தில் இது 'நம' என ஒலித்தது. 13-ஆம் நூற்றாண்டளவில் முதலசை நீண்டு 'நாமெ' ஆயிற்று. பின்னர் ஈற்றுயிர் தேய்ந்து மறைந்தது. எனினும் அதற்குரிய 'ஈ' என்னும் எழுத்து நீங்கவில்லை. ஒலியிழந்து, முன்னுள்ள நெடிலுக்கு அடையாளமாய் நின்றது. இலண்டன் பள்ளித் தலைமையாசிரியர் ரிச்சர்டு மல்காஸ்டர் 1582-இல் வெளியிட்ட நூலில் இந்த ஊமை எழுத்துக்கு விதியே வகுத்தார்.

அதற்குள் நெடில்கள் யாவும் இடம்பெயரத் தொடங்கிவிட்டன. 'பிட்', 'பைட்' என்று இன்று ஒலிக்கும் சொற்கள் ஒருகாலத்தில் 'பிட்', 'பீட்' என்று நம் குறில் நெடில் போலவே இணைந்து நின்றவை. 'டீம்' என்பது 'டைம்' ஆயிற்று; 'ஹூஸ்' என்பது 'ஹவுஸ்' ஆயிற்று; 'நாம்' என்பது 'நேம்' ஆயிற்று. காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியபோது இம்மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அச்சு எழுத்தைக் கட்டிப்போட்டது. நாவை அதனால் கட்டமுடியவில்லை. டென்மார்க் அறிஞர் எஸ்பர்சன் 1909-இல் இம்மாற்றத்திற்குப் 'பெரும் உயிரொலிப் பெயர்ச்சி' என்னும் பொருளில் பெயர் சூட்டினார்.

இரட்டை மெய் பின்னர் எவ்வாறு நிலைபெற்றது? ஓர்மால் அன்று. பழைய ஆங்கிலத்தில், தமிழில் 'பட்டம்' என்பதிற்போல, இரட்டை மெய் இரட்டையாகவே ஒலித்தது. அவ்வொலி நாளடைவில் ஒற்றையாகிவிட, வேலையற்று நின்ற இரண்டாம் எழுத்து குறிலைக் காட்டும் பணியை மேற்கொண்டது. ஆயினும் ஓர்ம் செய்த அளவிற்கு அது முற்றுப்பெறவில்லை. 'டின்னர்' என்பதில் இரட்டிக்கும் மெய், 'பிட்' என்பதன் ஈற்றில் இரட்டிப்பதில்லை.

அவருடைய நூல் 1852-ஆம் ஆண்டில்தான் முழுமையாக அச்சேறியது. சமயப் பொருளுக்காக இன்று அதை நாடுவோர் மிகச் சிலர். ஆனால் அக்காலத்து ஆங்கிலச் சொல்லொன்றில் உயிர் குறிலா நெடிலா என்னும் வழக்கு எழும்போது, மொழிநூலார் அந்தத் தோல் சுவடியைத்தான் சான்றுக்கு அழைக்கின்றனர்.