வீடே கோயிலான நத்தார்

கிறிஸ்து பிறந்த திருநாளை இலங்கைத் தமிழர் நத்தார் என்று வழங்குவர். பிறப்பைக் குறிக்கும் ‘நத்தால்’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபே இது. இச்சொல் தனித்து வந்ததன்று. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், குசினி, பாண் என வீட்டுக்குள்ளே நாள்தோறும் புழங்கும் சொற்கள் பலவும் அதே மொழி தந்தவை. போர்த்துக்கேயரின் ஆட்சி மறைந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எனினும் அவர்கள் விட்டுச் சென்ற சொற்களிற் பல வீட்டுச் சுவர்களுக்குள்ளே நிலைபெற்றுவிட்டன. நத்தார் என்னும் பெயர் மட்டுமன்று, அத்திருநாளே ஒரு காலத்தில் வீட்டுச் சுவர்களுக்குள்ளேதான் உயிர் பிழைத்தது.

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் உள்ளடக்கிய நாட்களைத் திருச்சபையார் ஆகமன காலம் என்பர். ஆகமனம் என்றால் வருகை. வரப்போகும் ஒருவருக்காக உள்ளத்தையும் இல்லத்தையும் ஆயத்தஞ் செய்யுங் காலம் அது. கோயிலிலே ஊதா நிற ஆடை அணியப்படும், ஆரவாரம் குறைந்திருக்கும். யாழ்ப்பாணத்திலே அது மாரி காலம். மழை சற்று ஓய்ந்த வேளையில் வீட்டைத் துப்புரவாக்கிச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். பயற்றம்பணியாரத்துக்குப் பயறு வறுப்பார்கள். பாலன் கூட்டுக்கு வைக்கோலும் களிமண்ணும் தேடுவார்கள். அதே மார்கழியில் அயலிலுள்ள சைவ மக்கள் விடியற்காலையில் எழுந்து திருவெம்பாவை ஓதுவர். இருளிலே விழித்திருந்து இறைவனை எதிர்நோக்குதல் இரு சாராருக்கும் பழகிய வழக்கமே.

ஆயினும், ஒல்லாந்தர் ஆண்ட நாளில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க மக்களின் காத்திருப்புக்கு வேறொரு பொருளும் இருந்தது. இரவிலே மறைந்து வரும் ஒரு குருவானவருக்காகவும் அவர்கள் காத்திருந்தனர்.

1656ஆம் ஆண்டிற் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையையும் வென்றனர். அவர்கள் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்க மதத்தை அவர்கள் வெறுத்தமைக்குச் சமயக் கொள்கை மட்டும் காரணமன்று. கோவையில் வீற்றிருந்த போர்த்துக்கேயப் பகைவருக்கு இங்குள்ள கத்தோலிக்கர் துணைபோவர் என்ற அரசியல் அச்சமும் அதனோடு சேர்ந்திருந்தது. குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்போர்க்கு மரண தண்டனை விதிக்கப்படும் என்று 1658ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயர் எழுப்பிய கோயில்கள், முப்பதுக்கும் மேற்பட்டவை, ஒல்லாந்தரின் கோயில்களாகவும் பள்ளிகளாகவும் மாறின. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பல்தேயு பாதிரியார், 1672ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அவற்றைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்.

பிறப்பும் விவாகமும் அங்கேயே பதியப்பட்டன. பெயர் பதியப்படாவிட்டால் விவாகம் செல்லாது. விவாகம் செல்லாவிடின் பிள்ளைகளின் முதுசத்துக்கும் இடையூறு. ஆகவே பகலிலே ஒல்லாந்தரின் கோயிலுக்குச் சென்று பெயர் பதிந்தவர்களிற் பலர், இரவிலே தம் வீட்டில் விளக்கேற்றிப் பழைய செபங்களைச் சொல்லினர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவானவர் இல்லை, பூசை இல்லை. ஊர் மூப்பர் செபஞ் சொல்லிக் கொடுக்க, தாய்மார் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். பதிவேடு ஒரு மதத்தைச் சொல்லிற்று. அடுப்பங்கரை வேறொரு மதத்தைச் சொல்லிற்று.

இந்நிலையில் 1687ஆம் ஆண்டிற் கோவையைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து இலங்கை வந்தார். குருவின் உடையைக் களைந்து கூலியாளின் கோலம் பூண்டு, ஜோன் என்னும் ஊழியர் ஒருவரோடு அவர் வந்தார். கொடிய வயிற்றோட்டத்தால் வருந்திய நிலையிலும், கழுத்திலே செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். எந்த வீட்டார் அம்மாலையைக் கண்டு முகம் மலர்கின்றனரோ, அந்த வீட்டாரே தாம் தேடிவந்த மக்கள் என்பது அவருடைய கணிப்பு. அவ்வாறு அறிந்தவர்களின் துணையோடு சில்லாலைக் கிராமத்தில் அவருக்குப் புகலிடம் கிடைத்தது. இருள் பரவியபின் அவர் ஒரு வீட்டுக்கு வருவார். பாவசங்கீர்த்தனங் கேட்பார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானங் கொடுப்பார், பூசை செய்வார், பொழுது புலருமுன் மறைந்துவிடுவார். வீட்டுக் கூடமே கோயிலாகவும் வீட்டு மேசையே பீடமாகவும் அமைந்தன.

1689ஆம் ஆண்டு நத்தார் வந்தது. நள்ளிரவுப் பூசைக்காக யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் வீடுகளிற் கூடினர். அவர்கள் கூடுவதை ஒல்லாந்த அதிகாரிகள் அறிந்துகொண்டனர். அன்றிரவு படைவீரர் வீடுகளுட் புகுந்து, வழிபாட்டுப் பொருள்களைச் சிதைத்து, கூடியிருந்தோரைச் சிறைப்பிடித்தனர். பிடிபட்டோர் ஏறக்குறைய 300 பேர் என அடிகளின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பெண்கள் விடுவிக்கப்பட்டனர், ஆடவர் பலர் தண்டப்பணம் இறுத்தனர். தொன் பேதுரு என்பவரும் வேறு எழுவரும் கசையடிக்கு ஆளாயினர். அடியின் கொடுமையால் தொன் பேதுரு உயிர் நீத்தார். மற்றையோர் விலங்கு பூண்டு கோட்டையிற் கடும் வேலை செய்யுமாறு தண்டிக்கப்பட்டனர். வீட்டிலே நத்தார் கொண்டாடியதற்கு அவர்கள் கொடுத்த விலை இது.

யோசேவ் வாஸ் அடிகள் அன்றிரவு பிடிபடவில்லை. அவர் 1690ஆம் ஆண்டிற் புத்தளத்துக்கும், 1692ஆம் ஆண்டிற் கண்டிக்கும் சென்றார். ஒற்றர் என ஐயுற்று முதலிற் சிறைவைக்கப்பட்டபோதும், காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நன்மதிப்பைப் பெற்றார். கிறிஸ்தவ ஆட்சியாளர் கரையோரத்திலே தடுத்த வழிபாட்டுக்குப் பௌத்த மன்னன் மலைநாட்டில் இடங்கொடுத்தான். இது இலங்கை வரலாற்றில் மறக்கலாகாத ஒரு செய்தி. அடிகள் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே காலமானார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

1705ஆம் ஆண்டில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் அப்பணியை வேறொரு வகையில் வளர்த்தார். தமிழிலும் சிங்களத்திலும் அவர் பல நூல்களை ஆக்கினார். குரு வரமுடியாத இடத்துக்கும் நூல் செல்லும். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பர். 1742ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னரும் அந்நூல்கள் வாழ்ந்தன. 1715ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மீண்டும் கத்தோலிக்கருக்கு எதிராகக் கட்டளை பிறப்பித்தனர். எனினும் ஒவ்வொரு வீட்டின் செபத்தையும் கண்காணிக்க எந்த அரசுக்குத்தான் ஆள் உண்டு? ஆண்டுகள் செல்லச் செல்ல, சட்டம் ஏட்டில் இருந்தபோதிலும் அதன் கடுமை தளர்ந்தது.

1796ஆம் ஆண்டிற் கரையோரம் முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806ஆம் ஆண்டில் தேசாதிபதி மெயிற்லண்ட், கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தர் காலத் தடைகளை நீக்கினார். இங்கிலாந்திற் கத்தோலிக்கர் அத்தகைய உரிமை பெற்றது 1829ஆம் ஆண்டிலேயே. நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம் வீட்டுக்குள் ஒளிந்திருந்த நத்தார், தெருவுக்கு வந்தது. கோயில் மணி நள்ளிரவில் அச்சமின்றி ஒலித்தது.

காலம் பகையையும் கரைத்துவிடுகிறது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கொக்கிஸ் என்னும் பலகாரம் சிங்கள மக்களின் புத்தாண்டு விருந்திலே சிறப்பிடம் பெற்றுவிட்டது. அவர்களுடைய வழித்தோன்றல்களாகிய பறங்கியர் நத்தாருக்கென்று புரூடர் என்னும் இனிப்புப் பாணைச் செய்து அயலாரோடு பகிர்வர். தமிழ் வீடுகளிலிருந்து அரியதரமும் முறுக்கும் பயற்றம்பணியாரமும் வேலி கடந்து சைவ, இஸ்லாமிய நண்பர்களின் இல்லங்களுக்குச் செல்லும். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் அத்தட்டுகள் வெறுமையாகத் திரும்பி வருவதில்லை.

நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்பும் குடும்பம், பாலன் கூட்டின் முன் விளக்கேற்றிச் செபஞ் சொல்லி, பலகாரத் தட்டைச் சூழ்ந்து அமர்கிறது. கதவு திறந்திருக்கிறது, அயலார் வந்து போகின்றனர். 1689ஆம் ஆண்டு அதே இரவில், அதே மண்ணிலே, கதவைத் தாழிட்டு, விளக்கை மறைத்து, காலடியோசைக்குச் செவிகொடுத்து ஒரு கூட்டம் அமர்ந்திருந்தது. அவர்கள் எழுதிவைத்த ஏடு ஒன்றும் இல்லை. அவர்கள் காத்துக் கொடுத்த திருநாளும், அதன் பெயருமே எஞ்சியுள்ளன. விருந்தினருக்காக நத்தாரன்று திறந்து வைக்கப்படும் ஒவ்வொரு வாசற்கதவும், அன்று தாழிடப்பட்ட அக்கதவுகளுக்குப் பின்னே விழித்திருந்தவர்களின் நினைவுச் சின்னமாகும்.