குடில் பொம்மைகளும் மறுவண்ணமும்

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் காரைக்கால் வட்டாரத்துக் கிறிஸ்தவ இல்லங்களில் குடில் பெட்டி பரணிலிருந்து இறங்கும். தொழிற்பேட்டையால் அறியப்படும் போலகமாயினும், காரைக்கால் நகரமாயினும், பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒன்றே: ஆலையிலேயே வண்ணம் பூசப்பெற்று வந்த பிளாஸ்டிக் பொம்மைகள். இளஞ்சிவப்புக் கன்னங்கள், நீலக் கண்கள், பொன்னிறச் சுருள்முடி. அந்த வண்ணத்தை மாற்றவும், உருவத்தையே சற்றுத் திருத்தவும் நம் இளைஞர் சிலர் தூரிகை எடுக்கின்றனர். இது விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்கத்தக்கதன்று. இதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் பொம்மைகளே இல்லை. தீவனத் தொட்டியும் வைக்கோலும், உயிருள்ள மாடும் கழுதையுமே இருந்தன. (மாடும் கழுதையும் லூக்கா நற்செய்தியில் இல்லை, அவை எசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து குடிலுக்குள் நுழைந்தவை.) உருவங்கள் பிற்பாடு வந்தன. 18ஆம் நூற்றாண்டின் நேப்பிள்ஸ் நகரக் குடில்களில் தெரு வணிகர்கள் கூடக் கூடையுடன் நின்றார்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஆலயங்கள் மூடப்பட்டபோது, புரோவான்ஸ் மக்கள் தங்கள் வீடுகளில் சிறு குடில்களை அமைத்தனர். மர்சேய் நகரின் ழான்-லூயி லாஞேல் (1764-1822) அச்சில் வார்த்த களிமண் பொம்மைகளைச் செய்து, கையால் வண்ணமிட்டார். ‘சந்தோன்’, அதாவது ‘சிறு புனிதர்’ எனப்படும் இவ்வுருவங்களுக்கான சந்தை 1803இல் அங்கே தொடங்கிற்று. மீன்காரி, சாணைக்காரன், மாவரைப்பவன் என அவ்வூர் மாந்தரே அங்குப் பெத்லகேம் நோக்கி நடந்தார்கள்.

அந்தப் பிரெஞ்சு நாட்டோடு நம் மண் பிணைக்கப்பட்டது 1739இல். 1776 முதல் பாரீஸ் வேதபோதக சபையார் இப்பகுதி மறைப்பணியைப் பொறுப்பேற்றனர். அடுத்த நூற்றாண்டில் பாரீஸ் நகரின் சேன்-சுல்பீஸ் ஆலயத்தைச் சூழ்ந்த கடைகள், அச்சில் வார்த்து வண்ணம் தீட்டிய சாந்துச் சுரூபங்களைக் கப்பல் கப்பலாக உலகெங்கும் அனுப்பின. ஒரே அச்சு, ஒரே முகம், ஒரே நிறம். இன்றைய பிளாஸ்டிக் குடில் அந்த மரபின் மலிவான பேரப்பிள்ளை என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே மாற்று வழியொன்றை ஒருவர் காட்டியிருந்தார். வீரமாமுனிவர் (1680-1747), தமிழ்ப் பெண்ணைப்போல் சேலையுடுத்திய மரியன்னையின் ஓவியத்தை வரைவித்து மணிலாவுக்கு அனுப்பி, அதன்படி சுரூபம் செய்வித்தார் என்பது கோணாங்குப்பத்தில் வழங்கிவரும் மரபு. பெரியநாயகி என அன்னைக்கு அவர் சூட்டிய பெயரும் தமிழே. கடல் கடந்து செய்யப்பட்டாலும் சேலை நம்முடையதாயிருக்க வேண்டும் என்று இத்தாலியில் பிறந்த ஒருவர் எண்ணினார்!

நம் குயவர்களும் இதில் பின்தங்கவில்லை. மதுரையையடுத்த விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்யும் கைகளே கிறிஸ்து பிறப்புக்குக் குடில் பொம்மைகளையும் செய்கின்றன. கண்ணனுக்கு நீலம் தீட்டிய தூரிகை, கழுவப்பட்டபின் கன்னிமரியின் முக்காட்டுக்கு நீலம் தீட்டுகிறது. மங்கிய கொலு பொம்மைகளுக்குப் புதுவண்ணம் பூசிப் படியேற்றுவதும் தமிழ் இல்லங்களில் பழைய வழக்கம். காளமேகம் மண்மாரி பொழியச் சபித்ததாகக் கதை வழங்கும் திருமலைராயன்பட்டினத்தின் அண்டையில் வாழும் நமக்கு, மண் பொம்மை அந்நியமானதன்று.

பிளாஸ்டிக்கோ வேறு வகையான பிடிவாதக்காரன். அச்சிலிருந்து எளிதில் கழலுவதற்காக இடப்பட்ட வழுவழுப்பு அதன்மேல் படிந்திருக்கும். சோப்பு நீரில் கழுவாமல் பூசினால் வண்ணம் தோலாய் உரியும். மென்மையான பி.வி.சி. பொம்மையில் எண்ணெய் எனாமல் பூசினால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். பிளாஸ்டிக்கை இளக்கும் பொருள் மெல்லக் கசிந்து வண்ணத்தை உலரவிடாது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே ஏற்றது. அதையும் நீர்க்க விட்டு இரண்டு மூன்று முறை பூசவேண்டும். பாலித்தீன் பொம்மையில் எதுவும் எளிதில் ஒட்டாது. அதனோடு மல்லுக்கட்டுவது வீண். கையின் கோணத்தை மாற்ற விரும்பினால், பி.வி.சி. பொம்மையை வெந்நீரில் முக்கி, வளைத்து, உடனே குளிர்நீரில் இட்டால் அந்நிலையிலேயே நின்றுவிடும். உடைந்த விரலை எம்-சீல் பசையால் உருவாக்கி, உப்புத்தாளால் தேய்த்துச் சீர்செய்யலாம்.

கை வேலை இவ்வளவே. எந்த நிறம் பூசுவது என்பதே கடினமான வினா. ஆலைக் குடிலில் திருக்குடும்பம் வெளுத்திருக்க, நம் நிறத்துக்கு அருகே வருபவர் மூன்று ராஜாக்களில் ஒருவர் மட்டுமே. மத்தேயு நற்செய்தியோ ஞானிகளின் நிறத்தைச் சொல்லவில்லை. பெயரையும் எண்ணிக்கையையும் கூடச் சொல்லவில்லை. கருநிற அரசர் ஐரோப்பிய ஓவியங்களில் பரவலானது 15ஆம் நூற்றாண்டில். மாநிறக் குழந்தை இயேசுவை வைக்கோலில் கிடத்தினால், ‘இதென்ன இப்படி!’ என்று முகம் சுளிப்பாரும் உளர். மணமகள் தேடும் விளம்பரத்தில் சிவப்பு நிறம் கேட்கும் அதே மனம்தான் குடிலிலும் கேட்கிறது. பெத்லகேமில் பிறந்த யூதக் குழந்தைக்கு நீலக்கண் எங்கிருந்து வந்ததென்று அம்மனம் ஒருபோதும் வினவுவதில்லை.

சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் திருத்தலத்து அன்னையின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. பிரெஞ்சுப் படைகளுக்கு அஞ்சி 1798இல் மறைத்துக் கொண்டுசெல்லப்பட்ட அச்சுரூபத்தை, 1799இல் யோகான் ஆதாம் பூட்சர் என்னும் கலைஞர் செப்பனிட்டார். விளக்குப் புகையும் மெழுகுதிரிப் புகையும் படிந்த கருமையை நீக்கியபோது உள்ளே தோலின் நிறம் வெளிப்பட்டது. ஆயினும் மக்கள் அறிந்திருந்த அன்னை கரியவள். ஆகவே முகமும் கைகளும் மீண்டும் கருமையாய்த் தீட்டப்பட்டன. எது ‘உண்மையான’ நிறம்? தச்சன் பூசியதா, நூற்றாண்டுகளின் வேண்டுதல் படிந்ததா? இவ்விரண்டில் இரண்டாவதையே அம்மக்கள் தேர்ந்தனர்.

இதனாலேயே ஆலயச் சுரூபங்களைத் தொடுவதில் திருச்சபை எச்சரிக்கையாயிருக்கிறது. பழமையாலோ, கலைச் சிறப்பாலோ, மக்கள் வணக்கத்தாலோ மதிப்புப் பெற்ற உருவங்களை, மறைமாவட்டத் தலைவரின் எழுத்து மூலமான அனுமதியின்றிச் செப்பனிடலாகாது. அவரும் வல்லுநரைக் கலந்தே அனுமதி தரவேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (எண் 1189). திருவிழா நெருங்குகையில் ஆர்வமிகுதியால் நூறாண்டு மரச் சுரூபத்தின்மேல் பளபளக்கும் எனாமலைப் பூசிவிட்டால், அடியிலுள்ள நுண்ணிய வேலைப்பாடு மறைந்துபோகும். எனாமலைச் சுரண்டினால் பழைய வண்ணமும் சேர்ந்தே போகும்.

வீட்டுக் குடிலுக்கு அத்தகைய தடை இல்லை. 2019 டிசம்பர் முதல் நாளன்று, கிரேச்சோவிலேயே கையொப்பமிட்டுத் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட திருமடல், அன்றாடத் தொழிலாளரின் உருவங்களைக் குடிலில் சேர்க்கும் வழக்கத்தைப் பாராட்டியது. ஆகவே கடைப் பொம்மையில் உள்ள இடையனின் வளைகோலை வெட்டி, கொசுவலைத் துண்டை மடித்துத் தோளில் ஒட்டி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சுக் கட்டாய்த் தீட்டி, அவனை நம் கடற்கரை மீனவனாக்கலாம். கறுப்போடு செம்பழுப்பும் சிறிது மஞ்சளும் கலந்தால் வெயில் காய்ந்த தோளின் நிறம் கிடைக்கும். அதே கலவையில் வெள்ளை சற்றுக் கூட்டிக் குழந்தைக்கும் பூசலாம். ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்தபின்னரே அடுத்ததைப் பூசவேண்டும். மார்கழிப் பனியில் அது தாமதமாகும். திருவருகைக்கால முதல் வாரத்திலேயே பெட்டியை இறக்கிவிடுவது நலம்.